இருபத்து மூன்றாம் நம்பர் வாய்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நேரில் வந்து பேச வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்கள். நான் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நான் உட்கார்ந்தது வாழ்க்கையில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் மட்டும்தான்.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரை. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். அவர் ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத்தான் உரக்க நடத்துவார். அந்தக் கணக்கில் நான் ஐந்தாம் வகுப்பை ஐந்து முறை படித்தவன்.

பிறகு இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தம் வந்தது, எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில மாதம். கையில் கொடுத்த காகிதத்தில் திருச்சிப் பக்கம் ஒரு நூற்பாலை என்று எழுதியிருந்தது. பஞ்சுத் தூசி மூச்சுக்கு ஒத்துவரவில்லை. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி, அப்புறம் லாரி கிளீனர், அப்புறம் மலைக்கு ஏறி கேத்தியில் கேரட் கழுவும் வேலை. ஒரு மழைக்காலம் முழுக்க ஓடாத பஸ் ஒன்றில் குடியிருந்தேன். மூன்று பேர் இருந்தோம். டிரைவர் சீட் எனக்கு. கடைசியில் குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முயல்களுக்குப் புல் அறுக்க ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். போனேன். என்னைப் பார்த்துக் கத்தாத முதல் வேலை அது. முயலுக்குக் கத்தத் தெரியாது.

முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வாரம் ஒரு முறை வாயைத் திறந்து பார்க்க வேண்டும். நாற்பது முயல். எல்லாம் வெள்ளை. ஆறு மாதத்தில் நாற்பதையும் வாயை வைத்தே அடையாளம் சொல்வேன். இதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா என்னைக் கூண்டிலிருந்து ஸ்லைடுக்கு மாற்றினார்.

டாக்டரம்மா பெயரைச் சொல்ல மாட்டேன். பொள்ளாச்சிக்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். முயலைக்கூட “ஏனுங்க” என்று கூப்பிடுவார். கட்டடத்தின் பின்பக்கம் ஒரே ஒரு அறை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அறையைக் காலி செய்து ஸ்டோர் ஆக்கிவிட வேண்டும் என்று மேலே இருந்தவர்களுக்கு ரொம்ப நாளாக ஆசை.

அவர் ஆராய்ந்தது நீங்கள் இப்போது ஆராய்வதைத்தான். ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம், பெண்ணுக்கு இரண்டு. இரண்டும் முழுவீச்சில் வேலை செய்தால் பெண்ணின் செல்லில் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். அதனால் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை ஓரங்கட்டிவிடுகிறது. அது சுருண்டு ஒடுங்கி, உட்கருவின் விளிம்பில் ஒரு கரும்புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கன்னத்தின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டி, சாயம் போட்டுப் பார்த்தால் தெரியும். பெண்ணுக்குப் புள்ளி இருக்கும். ஆணுக்கு இருக்காது. உங்களுக்கு இது பாடப் புத்தகத்தில் வந்தது. எனக்குக் கேன்டீன் பூனையில் வந்தது.

“ஏனுங்க, அந்தப் பூனை ஆணுங்களா, பொண்ணுங்களா?” என்று ஒரு நாள் ஜன்னல் வழியாகக் காட்டிக் கேட்டார். கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த பூனை.

“பக்கத்துல போய்ப் பார்த்தாத்தானுங்க தெரியும்.”

“போக வேண்டாமுங்க. இந்த மூணு நிறமும் இருந்தா அது பொண்ணுதானுங்க.”

கறுப்புக்கான மரபணு ஒரு எக்ஸில், செம்மஞ்சளுக்கானது இன்னொரு எக்ஸில். வெள்ளை வேறு கணக்கு. எந்தச் செல் எதை ஓரங்கட்டியதோ, அதிலிருந்து பெருகிய செல்களும் அதையே ஓரங்கட்டும். அதனால்தான் திட்டுத் திட்டாக இரண்டு நிறம். அவர் சொல்லி முடித்ததும் நான் வெளியே போய்ப் பூனையைத் தூக்கிப் பார்த்தேன். பெண்தான். கையில் மூன்று கீறல். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இனிமே எதையும் இப்படித்தான் பார்க்கோணும்” என்று சொல்லி டிஞ்சர் போட்டுவிட்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். சமயத்துக்கு மறந்தும் போனேன். இந்தக் கதையே அதுதான்.

அவருடைய கேள்வி, வயதான பெண்களைப் பற்றியது. வயது ஏற ஏற அந்தப் புள்ளி குறைகிறதா? ஓரங்கட்டியது திரும்பவும் விழித்துக்கொள்கிறதா? போன மாதம் உங்களில் ஒரு பெண் எனக்குப் போனில் படம் காட்டினாள். அந்த எக்ஸ் தானே ஓர் ஆர்.என்.ஏ-வை உண்டாக்கித் தன்னையே போர்த்திக்கொள்கிறதாம். போர்வைக்குள் இருந்தபடியே சில மரபணுக்கள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றனவாம். எலியில் பார்த்தால், வயதாகும்போது இன்னும் சில கண் விழிக்கின்றனவாம். அழகான வண்ணப் படம். எங்கள் காலத்தில் எல்லாமே ஊதாதான். அந்தப் பெண் சொல்லச் சொல்ல எனக்கு டாக்டரம்மாவின் அந்தப் பின்பக்கத்து அறைதான் ஞாபகம் வந்தது.

அவருக்கு ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே குளிரில் வாழும் பெண்கள் எல்லா வயதிலுமாக அறுபது பேர் வேண்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆண்களும் நாற்பது பேர். குந்தா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். “உங்க ஆளுங்கதானே, நீங்களே போய்ட்டு வாங்க” என்று என்னை அனுப்பினார். தோட்டத்து சூப்பர்வைசர் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வேலைக்குப் பெயர் பதிந்தவர்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஃபேக்டரிக்குப் போய்விட்டார்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை ஒன்று இருந்தது. பிள்ளைக் காம்பரா என்பார்கள். அங்கே தொட்டில்களுக்கு நடுவில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பட்டியல் இடது பக்கம், ஸ்லைடு வலது பக்கம், காதில் சிவப்புப் பென்சில்.

“காளிமுத்து!”

“வந்தேன்” என்று ஓர் அக்கா வந்து முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தார். சுரண்டினேன். ஸ்லைடில் இருபத்து மூன்று என்று எழுதினேன். பட்டியலில் இருபத்து மூன்று, காளிமுத்து, ஆண், ஒரு சிவப்பு டிக்.

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அன்று அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லாரையும் நிறுத்திப் பெயர் வாசிப்பார்கள். புருஷனுக்குக் காய்ச்சல் என்றால் பெண்டாட்டி “வந்தேன்” என்பாள். அண்ணன் பெயருக்குத் தம்பி நிற்பான். அரிசி கொடுக்கும்போதும் அப்படித்தான். கூப்பிடுவது ஒரு பெயரை. வருவது அந்த வீட்டில் யாரோ ஒருவர். காளிமுத்து என்று கூப்பிட்டதற்குச் சேலை கட்டிய ஆள் வந்ததை என் கண் பார்த்தது, மூளைக்குச் சொல்லவில்லை. அப்படி அன்று ஏழு பேர் வந்து போனார்கள்.

டாக்டரம்மா ஸ்லைடைப் படிக்கும்போது பட்டியலைப் பார்க்க மாட்டார். எண் மட்டும்தான் தெரியும். யார் ஆண், யார் பெண் என்று தெரியாமல் எண்ணினால்தான் எண்ணிக்கை நேர்மையாக இருக்கும் என்பார். பத்து நாள் எண்ணினார். பிறகு நான் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

“இருபத்து மூணு.”

“புள்ளி இருக்குதுங்க. பொண்ணு.”

“காளிமுத்துங்க. ஆம்பளை.”

அவர் நிமிர்ந்தார். “திரும்ப வாசிங்க.”

ஏழு ஆண்களுக்குப் புள்ளி இருந்தது. எக்ஸ் ஒன்று கூடுதலாகப் பிறக்கும் ஆண்கள் உண்டுதான். பல நூறு பேரில் ஒருவர். நாற்பதில் ஏழு என்று உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. ஏழு ஸ்லைடையும் திரும்பப் பார்த்தோம். வேறு சாயம் போட்டுப் பார்த்தோம். வேறு லென்ஸில் பார்த்தோம். ஸ்லைடை மூன்று தடவை பார்த்தோம். பட்டியலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பட்டியல் டைப் அடித்து வந்திருந்தது பாருங்கள்.

“குளிராலயா? மருந்து தெளிக்கிறாங்களே, அதனாலயா? இல்ல, கப்பல்ல வந்ததாலயா?” என்று அவர் அறைக்குள் நடந்தார்.

“கப்பல்ல நானும்தானுங்க வந்தேன்.”

அவர் நின்றார். “வாயைத் திறங்க.”

என் கன்னத்தைச் சுரண்டி, சாயம் போட்டு, அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என் பிழைப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். எனக்குப் புள்ளி இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. அவருக்கு உதவ முடியவில்லையே என்று எனக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாளே மெட்ராஸில் இருந்த பெரிய டாக்டருக்குக் கடிதம் போட்டுவிட்டார். அறை இருக்குமா, ஸ்டோராகுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். ‘பூனை பார்க்க ஓர் அறை எதற்கு’ என்று முன்பே ஒரு முறை கேட்டவர். கடிதம் கிடைத்ததும் தந்தி வந்தது. ஆய்வுக்கூடத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நானே வருகிறேன், அந்த ஏழு ஆண்களைப் பற்றிப் பேசுங்கள். டாக்டரம்மா வயதான பெண்களின் ஸ்லைடுகளை எல்லாம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஒரே தந்தியில் அது பழையதாகிவிட்டது. ஏழு ஸ்லைடில் மட்டும் எண்ணோடு பெயரும் எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டினேன்.

கூட்டத்துக்கு முன்னால் அந்த ஏழு பேரையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார். வியாழக்கிழமை எல்லாரும் லைனில், அதாவது அவர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில், இருக்க வேண்டும் என்று சூப்பர்வைசருக்குச் சொல்லி அனுப்பினோம். போனபோது பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். பக்கத்தில் சூப்பர்வைசர்.

கூடுதல் எக்ஸ் உள்ள ஆண்களுக்கு மீசை அரும்பாது, பிள்ளை பிறக்காது என்று டாக்டரம்மா படித்திருந்தார். முதலில் நின்ற காளிமுத்துவின் மீசையில் ஒரு துண்டைக் காயப்போடலாம்.

“உங்களுக்குக் குழந்தைங்க எத்தனைங்க?”

“ஆறுங்க டாக்டரம்மா. ஏழாவது சித்திரையில.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி மெதுவாக, “இது புது வகைங்க” என்றார். கண் மின்னியது.

அப்போதுதான் காளிமுத்து கொட்டாவி விட்டார்.

முகம் எனக்கு அவ்வளவாகத் தங்காது. வாய் தங்கும். நான் சுரண்டிய இருபத்து மூன்றாம் நம்பர் வாய் வெற்றிலைச் சிவப்பு. மேலே இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. இந்த வாயில் எல்லாப் பல்லும் இருந்தன. பீடிக் கறை. வெற்றிலை தொட்ட வாயே இல்லை. அடுத்தவர் வாயைப் பார்த்தேன். அதுவும் புதிது. ஏழு பேர் வாயையும் ஏதாவது பேசவைத்துப் பார்த்தேன். ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா காளிமுத்துவின் தோளை அளந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் வீட்டுப் பின்பக்கம் போனேன். அந்த அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். ராமாயி. காளிமுத்துவின் மனைவி. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

“யக்கா, அன்னைக்குக் காளிமுத்துன்னு கூப்பிட்டதுக்கு நீங்கதானே வந்தீங்க?”

“ஆமா. வேற யாரு வருவா? அவரு பக்கத்து ஊரு பிக்கட்டியில கூலிக்குக் கெழங்கு தோண்டிக்கிட்டு இருந்தாரு. ஏழு பேரும் அங்கதான்.” குரலைத் தாழ்த்தினார். “சூப்பர்வைசரு காதுல போட்டுறாத. வெளிவேலைக்குப் போனா லயத்தக் காலி பண்ணச் சொல்லிருவாக.”

“நான் ஆம்பளை வாயையில்ல கேட்டேன்?”

“நீ எங்க வாயைக் கேட்ட? பேரைத்தானே கேட்ட?”

அவர் விடவில்லை.

“செவப்புப் பென்சிலக் காதுல சொருகிக்கிட்டுப் பேரு வாசிச்சா நான் கேட்டுக்கிட்டுச் சும்மா நிக்கணுமா? இலங்கையில அப்படித்தான் நின்னோம். எந் தம்பி கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போயிருந்தான். அந்த நேரம் பாத்து ஆபீசரு வந்து இந்தியாவுக்குப் போறவங்க பேரு வாசிச்சாரு. நாங்க யாரும் வந்தேன்னு சொல்லல. கொத்தமல்லி வந்துச்சு, அவன் பேரு வரல. இன்னைக்கும் அவன் அங்க, நாங்க இங்க. அதுலருந்து யாரு எந்தப் பேரைக் கூப்பிட்டாலும் நான் வந்தேன்னு சொல்லிருவேன்.”

“இப்ப லேபுல உங்க புருஷன் பொம்பளைன்னு வந்திருக்குக்கா.”

அவர் சாம்பல் கையோடு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. “அப்ப ஆறு புள்ளையும் நான் தனியாவா பெத்தேன்?”

முன்பக்கம் வந்தபோது டாக்டரம்மா ஏழாவது ஆளை முடித்துவிட்டிருந்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, “ஆளுங்க எல்லாம் சரிதானுங்களே?” என்றார். இந்த இடத்தில் நான் உண்மையைச் சொன்னால் ஏழு குடும்பம் லைனைக் காலி செய்ய வேண்டும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை டாக்டரம்மா இல்லாததைச் சொல்லி மாட்டிக்கொண்டு அறையைக் காலி செய்ய வேண்டும். “சரிதானுங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் டாக்டரம்மா என்னிடம் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

“அம்மா, அன்னைக்கு ஸ்லைடுத் தட்டு கீழ விழுந்துருச்சுங்க. திரும்ப அடுக்கும்போது ஆம்பளை, பொம்பளை கலந்திருக்கும்ங்க. தப்பு என்னுதுதானுங்க.”

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். கோபமே இல்லை. யோசித்தார். “இல்லீங்களே. கலந்திருந்தா ஏழு ஆம்பளைங்களுக்குப் புள்ளி வந்த மாதிரி, ஏழு பொம்பளைங்களுக்குப் புள்ளி இல்லாமப் போயிருக்கோணுமே? அறுபது பேருக்கும் ஒழுங்கா இருக்குதே. தட்டு விழுந்தா ரெண்டு பக்கமும்தானுங்க கலையும்.”

ஆய்வுக்கூடத்தில் பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்கு ஒழுக்கமாகச் சொல்லியிருப்பார்கள். நான் அனுபவமாகச் சொல்கிறேன். அங்கே பொய்க்கும் கணக்கு சரிவர வேண்டும். வராது.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு, பிக்கட்டிக் கிழங்கு, கொத்தமல்லி எல்லாம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நான் எண்ணினது தப்பில்லீங்களே?”

“இல்லீங்க. ஏழும் அசல் பொம்பளைங்க.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். “மீசைய அளந்து எழுதியிருக்கேனுங்க” என்று நோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, “பெரிய டாக்டரு வண்டி எத்தனை மணிக்குங்க வருது?” என்றார்.

ஸ்லைடு கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமே என்றேன். அவர் கூடாது என்று தலையாட்டினார். “பட்டியலைப் பார்க்காம நான் தப்புப் பண்ணினேன்னு சொல்லிக்கலாங்க. அது என் தப்பு. அந்தப் பொம்பளைங்க ஊட்டைப் பத்திப் பேச எனக்கு என்னங்க உரிமை இருக்குது?” வயதான பெண்களின் ஸ்லைடுப் பெட்டியைத் திரும்பத் திறந்தார். அன்று முழுக்க இரண்டு பேரும் அதைத்தான் அடுக்கினோம்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. சூப்பர்வைசரையும் அழைத்திருந்தார்கள். ஒத்துழைத்ததற்கு நன்றி சொல்வதற்காக. அவர் கடைசி வரிசையில் வடைத் தட்டோடு இருந்தார். படம் காட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் நான். டாக்டரம்மா அறுபது பெண்களைப் பற்றிப் பேசினார். வயதானவர்களிடம் புள்ளி கொஞ்சம் குறைவது போல இருக்கிறது, இன்னும் பார்க்க வேண்டும் என்று முடித்தார்.

பெரிய டாக்டர் முன்வரிசையிலேயே எழுந்தார். “ஏழு ஆண்களுக்காகத்தான் நான் ராத்திரி வண்டி ஏறி வந்தேன். அவங்க எங்கே?”

“அது தப்புங்க ஐயா. அந்த ஏழு ஸ்லைடும் பெண்களோடது. ஸ்லைடு சரி. பட்டியல் தப்பு. பட்டியலைச் சரிபார்க்காம உங்களுக்கு எழுதினது என் தப்பு.”

ஹாலில் சிரிப்பு. பின்பக்கத்திலிருந்து யாரோ பூனை போலக் கத்தினார்கள். டாக்டரம்மாவின் காது மட்டும் சிவந்தது. நிற்பதில் மாற்றம் இல்லை.

“பட்டியலோட போனது யாரு?” என்றார் பெரிய டாக்டர்.

“நான்தானுங்க.”

“ஆண் பேருக்குப் பெண் எப்படி வந்தாங்க? ஆள் மாறாட்டமா? எங்கே நடந்தது?”

கடைசி வரிசையில் வடை பாதி வழியில் நின்றது. சூப்பர்வைசர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவும் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கிடைக்காது. சொன்னால் யாருக்கு என்ன ஆகும் என்பதை முன்பே யோசித்து வைத்திருந்தால்தான் உண்டு. முந்தின இரண்டு ராத்திரியும் நான் தூங்கவில்லை என்பது அன்றைக்கு உதவியது.

“யாரும் மாறலீங்க ஐயா. வந்தவங்க வாயைத் திறன்னு சொன்னதும் திறந்தாங்க. அவங்க மேல தப்பில்லீங்க. நான் பேரைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன். நடுவுல இருக்கிற முகத்தைப் பார்க்கலீங்க.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்துவிட்டு வடையைக் கடித்தார். பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“பேர் தெரியாமத்தானே எண்ணினீங்க?” என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

“ஆமாங்க ஐயா.”

“நூறு ஸ்லைடுல தப்பா வந்த ஏழையும் எண்ணிக்கையே பிடிச்சிருக்கு. அப்ப எண்ணிக்கையை நம்பலாம். அந்த ஏழு ஆண்கள்கிட்டயும் ஸ்லைடு எடுத்து முடிச்சு அனுப்புங்க. அதுவரைக்கும் அந்த அறையை யாரும் தொட வேண்டாம்.”

ஆக, அறை பிழைப்பது ஏழு வாய்களின் கையில் வந்து நின்றது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு. ஆண்கள் லைனில் இருப்பார்கள், சூப்பர்வைசர் இருக்க மாட்டார். பட்டியல் இல்லாமல், சிவப்புப் பென்சில் இல்லாமல் போனோம். பிள்ளைக் காம்பரா வாசல் சுவரில் வெயில் விழும் இடமாகப் பார்த்து மைக்ராஸ்கோப்பை வைத்தோம். “இது ஆபீஸ் வேலை இல்லீங்க. வந்தாலும் வராட்டியும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இஷ்டம் இருந்தா வாங்க” என்று டாக்டரம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஒருவரும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு கோழி வந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்கள் எதற்காக வர வேண்டும்? டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பின் மூடியைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது குழாயடிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. காளிமுத்து முன்னால் வந்தார். பின்னால் ஆறு பேர்.

“எங்களைப் பொம்பளைன்னு எழுதினது யாரு?”

ராமாயி அக்கா வியாழக்கிழமை சாயங்காலமே குழாயடியில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாக, “காளியம்மா, கொடத்த எடுத்துக்கிட்டு வாடியம்மா” என்று லைன் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிழங்குக் காட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

“கவர்மெண்டு பேப்பர்ல ஏறுறதுக்கு முன்னால மாத்துங்க. எனக்கு முதல்ல எடுங்க” என்று காளிமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். பின்னால் வரிசையில் தள்ளுமுள்ளு. நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன், மீசையைப் பார்த்தேன், அப்புறம் சுரண்டினேன். சீக்கிரம் பிடிக்கும் சாயமாகக் கொண்டு போயிருந்தோம். டாக்டரம்மா ஒவ்வொரு ஸ்லைடாகக் குனிந்து பார்த்தார்.

“புள்ளி இல்லீங்க.”

“நல்லாப் பாருங்க டாக்டரம்மா. ஓரத்துல ஒதுங்கி எங்கயாச்சும் இருக்கப் போவுது.”

“எங்கயும் இல்லீங்க. நீங்க ஆம்பளைதானுங்க.”

காளிமுத்து திரும்பி லைனைப் பார்த்து மீசையைத் தடவினார். ஏழு பேருக்கும் இல்லை. ஒவ்வொருவரும் தாமே ஒரு முறை கண்ணை வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு திருப்தியாகப் போனார்கள். டாக்டரம்மா நோட்டில் ஏழாவது எண்ணை எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, நீளமாக மூச்சு விட்டார். அறை தப்பித்தது.

நாங்கள் பெட்டியைக் கட்டும்போது ராமாயி அக்கா வந்து நின்றார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

“இல்லாததெல்லாம் பாத்தாச்சு. இருக்கிறத எனக்குக் காட்டுங்க.”

டாக்டரம்மா பெட்டிக்குள்ளிருந்து பழைய இருபத்து மூன்றை எடுத்து வைத்தார். அக்கா ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் எழவில்லை.

“இதா நானு? ஓரத்துல கருப்பா ஒட்டிக்கிட்டு இருக்கே, அது என்னா?”

“உங்க அப்பாவோ அம்மாவோ கொடுத்ததில ஒண்ணுங்க. வேலை செய்யாம ஒடுங்கிக் கெடக்குது.”

“ஒடுங்கிக் கெடந்தாலும் நான் யாருன்னு காட்டிக் குடுத்துருச்சே.” நிமிர்ந்து ஸ்லைடின் ஓரத்தைக் காட்டினார். “மேல என்னா எழுதியிருக்கு?”

“இருபத்து மூணு, காளிமுத்து” என்றேன்.

“அவருக்குத்தான் இன்னைக்குப் புதுசா ஒண்ணு எடுத்தாச்சே. அத அடிச்சுட்டு எம் பேர எழுதுங்க. வீடு அவரு பேருல, ரேசன் கார்டு அவரு பேருல. எங்கிட்டருந்து எடுத்தது எம் பேருல இருக்கட்டும்.”

டாக்டரம்மா என் கையில் எதுவும் கொடுக்கவில்லை. அவரே பேனாவை எடுத்தார். காளிமுத்து என்பதை அடித்துவிட்டு ராமாயி என்று எழுதினார். மை காயட்டும் என்று சுவரில் வெயிலில் வைத்தார். அக்கா பக்கத்திலேயே நின்று கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பேனாவை மூடப் போனபோது நான் அவர் முழங்கையைத் தொட்டேன். ராமாயி அக்காவுக்குப் பின்னால் மற்ற ஆறு பெண்களும் வரிசையில் வந்து நின்றிருந்தார்கள். அன்று நாங்கள் யாருடைய பெயரையும் கூப்பிட்டிருக்கவில்லை.